தண்ணீரில் கரைந்தது, சரி. அப்புறம்?

அத்தைக்குப் புற்றுநோய். கீமோவில் சிவப்பு மருந்து நாலு முறை ஏற்றி முடிந்திருந்தது. ஐந்தாவது முறையிலிருந்து மருந்து மாறும், பேக்லிடாக்சல் என்று சொல்லியிருந்தார்கள். முந்தின இரவே ஸ்டீராய்டு மாத்திரை. காலையில் போனதும் ஒவ்வாமைக்கு அவில் ஊசி, வயிற்றுக்கு ஒரு ஊசி. இத்தனையும் போட்ட பிறகுதான் மருந்தைத் தொங்கவிட்டார்கள். வழக்கமான டியூப் இதற்கு ஆகாது என்று நர்ஸ் வேறொரு டியூபைப் பிரித்தார். மூன்று மணி நேரம் ஆகும் என்றார். நான் ஃபோனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "கண்ணு, நெஞ்ச அடைக்குது" என்றார். திரும்பிப் பார்த்தால் முகமும் கழுத்தும் குங்குமம் அப்பியதுபோல் சிவந்திருந்தன. நர்ஸ் ஓடிவந்து சொட்டை நிறுத்தினார், ஆக்சிஜன் வைத்தார், இன்னொரு ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் சிவப்பு இறங்கியது. அதற்குள் எனக்குத்தான் சட்டை நனைந்துவிட்டது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. இந்த மருந்து தண்ணியில கரையாது. அதனால விளக்கெண்ணெயிலிருந்து தயாரிக்கிற ஒரு திரவத்துல கரைச்சு வச்சிருக்காங்க. உங்க உடம்பு சண்டை போட்டது பெரும்பாலும் அதோடதான் இருக்கும்."

அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வெளக்கெண்ணெய ஊசியில ஏத்துனா நெஞ்ச அடைக்காம என்ன பண்ணும்?"

அன்று இரவு வீட்டுக்கு வந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன் நான். பதினைந்து வருடம் கழித்துப் படிப்பு உதவிக்கு வந்தது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

பேக்லிடாக்சல் ஒரு மரத்தின் பட்டையில் இருந்து வந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் வளரும் பசிபிக் யூ. மரம் வெட்டுகிறவர்கள் ஒரு பொருட்டாகவே நினைக்காத மரம். 1962 ஆகஸ்டில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர், அரசின் தேடல் திட்டத்துக்காக வாஷிங்டன் மாநிலத்தில் அதன் பட்டையைச் சேகரித்தார். வட கரோலினாவில் மன்ரோ வாலும் மன்சுக் வாணியும் அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து, 1971இல் அதன் வேதி அமைப்பை வெளியிட்டார்கள். வாணி மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். 1979இல் சூசன் ஹார்விட்ஸ் அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்று காட்டினார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆக, சரக்கு நல்ல சரக்கு என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை ஒருவர் உடம்புக்குள் கொண்டுபோகத் தண்ணீர் உதவவில்லை. கடைசியில் கிரெமோஃபார் என்ற திரவத்தைப் பிடித்தார்கள். ஆமணக்கெண்ணெயோடு எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவைச் சேர்த்துச் செய்வது. பாதிக்குப் பாதி ஆல்கஹால். 1984இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியபோது ஒவ்வாமை அந்த ஆட்டம் ஆடியது. ஆய்வே நின்றுபோகும் நிலை. மெதுவாக ஏற்றலாம், முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமை ஊசியும் போடலாம் என்று கண்டுபிடித்துத்தான் மருந்தைக் காப்பாற்றினார்கள். 1992 கடைசியில் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. அத்தைக்கு முந்தின இரவு கொடுத்த மாத்திரையின் கதை இதுதான்: நோய்க்கான மருந்தல்ல, மருந்தைச் சுமக்கும் எண்ணெய்க்கான மருந்து.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தவரின் மகன், எடை போடாமல் இருக்க முடியாது. அத்தைக்கு எழுதியிருந்தது 280 மில்லிகிராம், கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதைச் சுமந்து வந்த கிரெமோஃபார் கிட்டத்தட்ட 25 கிராம். ஏறக்குறைய 90 மடங்கு. கூடவே 20 மில்லிக்கு மேல் சுத்தமான ஆல்கஹால். விரதநாளில் காபிகூடக் குடிக்காத மனுஷிக்கு! அந்தத் தனி டியூபுக்கும் காரணம் தெரிந்தது. சாதாரண பிளாஸ்டிக் டியூபில் போனால், அதை வளைய வைக்கும் ரசாயனத்தை இந்த எண்ணெய் உருவிக்கொண்டு போய்விடும்.

மண்டியில் அப்பா ஒரு லாரியைப் பார்த்தே சொல்வார், இது சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், இது வழியில் கவிழ்க்கும் என்று. இந்த வண்டியை அவர் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

மூன்று வாரம் கழித்து ஸ்டீராய்டைக் கூட்டி, சொட்டைக் குறைத்து மறுபடி முயன்றார்கள். மறுபடி நெஞ்சடைப்பு. போதாததற்கு அத்தைக்கு ஏற்கெனவே சர்க்கரை. ஸ்டீராய்டு போட்ட இரண்டு நாளும் 400ஐத் தாண்டியது. அப்போதுதான் டாக்டர் "நாப்" என்றார். "மருந்து அதேதான். வண்டி மட்டும் வேற." இதை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அப்பாவைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

நாப் பேக்லிடாக்சலில் எண்ணெய் கிடையாது, ஆல்கஹால் கிடையாது. அதற்குப் பதிலாக ஆல்புமின். நம் ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரதம். தண்ணீரில் கரையாத கொழுப்பையும் பித்த நிறமியையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதே அதன் வேலை. மருந்தையும் ஆல்புமினையும் சேர்த்து, மிகுந்த அழுத்தத்தில் மிக நுண்ணிய துளை வழியாகப் பீய்ச்சினால் இரண்டும் ஒன்றாகிச் சிறு உருண்டைகளாகிவிடும். உருண்டையின் அளவு 130 நானோமீட்டர். 'நாப்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும் நானோ இதுதான். ஒரு சிவப்பணுவின் அகலத்துக்கு ஐம்பது உருண்டைகளை வரிசையாக நிறுத்தலாம். ரத்தத்துக்குள் போனதும் உருண்டை உடைந்து, ஆல்புமின் தனித்தனியாக மருந்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நானோ என்றதும் உடம்புக்குள் ஏவுகணை மாதிரி குறிபார்த்துப் போகும் என்று ஒரு படம் மனத்தில் ஓடுமே, அதெல்லாம் இங்கே இல்லை. கரையாததைக் கரைந்ததுபோல் நடிக்க வைத்தது, அவ்வளவுதான். ஆனால் அது சின்ன விஷயமில்லை.

பொடியாக வந்தது. நர்ஸ் உப்புநீர் விட்டுக் கலக்கினார். பால் மாதிரி ஆயிற்று. அரை மணி நேரத்தில் ஏறி முடிந்தது. முந்தின இரவு மாத்திரை இல்லை, அவில் இல்லை. ஆல்புமின் மனித ரத்தத்திலிருந்து பிரிப்பது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "யாரு ரத்தமோ, அவங்க நல்லா இருக்கட்டும்" என்றார் அத்தை. விலைப் பட்டியலை நான் அவரிடம் காட்டவில்லை.

இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2005 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள 450க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு அதற்கு அடிப்படை. பழைய எண்ணெய் வண்டியில் நூற்றுக்கு 19 பேருக்குக் கட்டி சுருங்கியது. புது வண்டியில் 33 பேருக்கு. ஒவ்வாமை பயமில்லாததால் ஒரே தடவையில் அதிக அளவு கொடுக்க முடிந்தது என்பது இதில் பெரிய பங்கு. ஆனால் அதே ஆய்வில் கை கால் கடுமையாக மரத்துப்போவது எண்ணெய் மருந்தில் 2 சதவீதம், நானோவில் 10 சதவீதம். விளம்பரத்தில் முதல் எண் வரும். இரண்டாவது எண் வீட்டுக்கு வரும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது. நாலாவது ஊசிக்குப் பிறகு அத்தையால் பூக் கட்ட முடியவில்லை. நாரில் முடிச்சு விழுந்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. சட்டைப் பொத்தான், கோலப்பொடி, மாத்திரை அட்டை, ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயின. பாதத்தில் எறும்பு ஊறுகிறது என்று ராத்திரியில் எழுந்து உட்காருவார்.

சூசன் ஹார்விட்ஸ் கண்டுபிடித்ததை இங்கே சொல்ல வேண்டும். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய குழாய்கள் உண்டு. செல் இரண்டாகப் பிரியும்போது இந்தக் குழாய்கள் தோன்றி, மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துவிட்டு, கலைந்துவிட வேண்டும். பேக்லிடாக்சல் அவற்றைக் கலையவிடாமல் உறைய வைக்கிறது. பிரியப்போன செல் நடுவழியில் மாட்டிச் சாகிறது. புற்றுநோய் செல் ஓயாமல் பிரிவதால் அதற்கு அடி அதிகம். ஆனால் நரம்புச் செல்லில் இதே குழாய்கள் தண்டவாளமாகக் கிடக்கின்றன. முதுகெலும்புப் பக்கத்திலிருந்து விரல்நுனி வரை நீளும் ஒற்றை இழை. அதன் நுனிக்கு வேண்டிய எல்லாச் சரக்கும் இந்தத் தண்டவாளத்தில்தான் போக வேண்டும். தண்டவாளம் உறைந்தால் கடைசி ஸ்டேஷனுக்குச் சரக்கு வராது. மிக நீளமான நரம்புகளின் கடைசி ஸ்டேஷன்கள் கால்விரலும் கைவிரலும். முதலில் அடங்குவது அங்கேதான்.

சரக்கைக் கொண்டுபோக இத்தனை பாடுபட்டார்கள். போய்ச் சேர்ந்த சரக்கு செய்த முதல் வேலை, இன்னொரு சரக்குப் பாதையை மறித்தது.

இந்தச் சமயத்தில்தான் அத்தை மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். கையில் ஒரு டப்பா. "மாப்ள, இது சாதா மஞ்சள் இல்ல. நானோ குர்குமின். கீமோவே வேண்டாம்ங்கறாங்க." வாட்ஸப்பில் ஒரு வீடியோவும் இருந்தது. மஞ்சள் நிற உருண்டைகள் வரிசையாகப் போய் ஒரு கறுப்புக் கட்டியைத் தாக்குகின்றன, கட்டி வெடிக்கிறது, பின்னணியில் வீணை.

எனக்குக் கோபம் வரவில்லை. நானே இந்தக் கோயிலில் பூசை செய்தவன். என் எம்.எஸ்சி. புராஜெக்ட் என்ன தெரியுமா? ஓர் இலைச்சாற்றில் வெள்ளி நைட்ரேட்டை விட்டு நானோ துகள் செய்வது. இலையின் பெயரை மாற்றினால் புதுப் புராஜெக்ட். எங்கள் வகுப்பில் துளசி ஒருத்தி, வேம்பு ஒருத்தன், நான் ஆடாதொடை. சாறு ஊற்றிய கரைசல் பழுப்பாக மாறினால் துகள் வந்துவிட்டது என்று அர்த்தம். அதை எம்.சி.எஃப்-7 என்ற புற்றுநோய் செல்மேல் ஊற்றினோம். மிச்சிகனில் 1970இல் இறந்த ஒரு கன்னியாஸ்திரீயின் மார்பகப் புற்றிலிருந்து எடுத்து, இன்றுவரை உலகெங்கும் வளர்க்கப்படும் செல் அது. செத்தது. கைதட்டினோம். "புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றல் கொண்ட" என்று தலைப்பு வைத்தோம். அதே கரைசலை நல்ல செல்மேல் ஊற்றிப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஊற்றியிருந்தால் அதுவும் செத்திருக்கலாம். வெள்ளிக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. தட்டில் இருக்கும் செல்லைக் கொல்லப் பினாயில் போதும்.

மஞ்சளுக்கு வருவோம். இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அத்தை சின்ன வயதில் தாத்தாவோடு மண்டியில் உட்கார்ந்து விரலி வேறு, கிழங்கு வேறு என்று பிரித்தவர். வேகவைத்து, காயவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிய மஞ்சள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அந்த மூட்டையில் நூறு கிலோ இருந்தால், மஞ்சளுக்கு நிறம் தரும் சத்தான குர்குமின் மூன்று நாலு கிலோ இருக்கும். மிச்சமெல்லாம் மாவு, நார், எண்ணெய். சாற்றுக் கம்பெனிக்கு வாங்க வருகிறவர்கள் அதனால்தான் நிறத்தைவிடக் குர்குமின் எவ்வளவு என்று கேட்பார்கள்.

குர்குமினின் குணம் என்ன என்று தெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். துவைக்கிற கல் போதும். வெள்ளை வேட்டியில் மஞ்சள் பட்டால் தண்ணீரில் எத்தனை அலசினாலும் போகாது: அது தண்ணீரில் கரையாது. சோப்புப் போட்டால் கறை சிவக்கும்: காரம் பட்டால் அதன் உருவம் மாறும். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் ரத்தமாகச் சிவப்பது இதே சங்கதிதான். அப்புறம் வெயிலில் உலர்த்தினால் கறை காணாமல் போகும்: அது வெளிச்சத்தில் சிதையும். எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த இந்த மூன்றும் மருந்தாக்க நினைக்கிறவனுக்கு மூன்று தலைவலி. கூடவே நாலாவது ஒன்று: ரத்தத்தின் லேசான காரத்தன்மையில், உடம்புச் சூட்டில், குர்குமினை வெறும் உப்புநீரில் விட்டால் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. வாய்வழியே சாப்பிட்டால் குடலும் கல்லீரலும் அதன்மேல் சர்க்கரையை ஒட்டி, கந்தகத்தை ஒட்டி, வெளியே தள்ளிவிடுகின்றன. தைவானில் நாளுக்கு 8 கிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் ரத்தத்தில் எட்டிப்பார்த்தது சொற்பம். தட்டில் செல்லைக் கொல்லப் பொதுவாக ஊற்றும் அளவு அதைவிடப் பல மடங்கு.

இங்கேதான் மிளகு வரும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் ஒரு சிறிய ஆய்வு. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச் சத்து, சேர்த்துக் கொடுத்தபோது உடம்பில் சேர்ந்த அளவு 20 மடங்கு ஏறியது. அதற்குப் பிறகு மஞ்சள் மாத்திரை டப்பாக்களில் மிளகு தவறாமல் இடம்பிடித்துவிட்டது. நம் பாட்டிமார் மஞ்சள் பாலில் மிளகு போட்டது இதைத் தெரிந்துதான் என்று ஒரு செய்தி வருடம் தவறாமல் சுற்றுகிறது. பாட்டி மிளகு போட்டது சளிக்கு. அவரை விட்டுவிடலாம்.

மிளகு என்ன செய்கிறது? கல்லீரலின் காவல்காரனைத் தூங்க வைக்கிறது. நியாயம்தான். ஆனால் அந்தக் காவல்காரர்களில் ஒருவர்தான் பேக்லிடாக்சலையும் உடைத்து வெளியேற்றுகிறவர். அவரைத் தூங்க வைத்துவிட்டு அந்தப் பக்கம் கீமோ ஏற்றினால், மருந்து நினைத்ததைவிட அதிக நேரம் உள்ளே சுற்றலாம். ஏற்கெனவே விரல் மரத்துப்போனவருக்கு அது எந்த அளவில் போய் முடியும் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. டப்பாவை டாக்டரிடம் காட்டினேன். பின்பக்கம் படித்தார். "ரசம் எவ்வளவு வேணா சாப்பிடுங்கம்மா. இது வேண்டாம்" என்றார். அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி 2022இல் ஓர் ஆய்வுக்குழு எழுதியதில், சில மாத்திரைகளில் மிளகுச் சத்தும் இருந்திருக்கிறது. சமையல் மஞ்சளில் கேட்காத சண்டை இது. நிறைய மஞ்சளில் இருப்பதை ஒரு டப்பாவுக்குள் அடைத்து, உடம்பு தள்ளிவிடும் வழியையும் அடைத்துவிட்டால் அது மளிகைச் சாமான் இல்லை.

2017இல் மின்னசோட்டாவில் கேத்ரின் நெல்சனும் கூட்டாளிகளும் குர்குமினைப் பற்றி வேதியியலாளர்களின் பார்வையில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். 120க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்தும், யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வு ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். குர்குமின் எதைத் தொட்டாலும் ஒட்டும், தானே ஒளிரும், ஆய்வுக் கருவியை ஏமாற்றும். எல்லா நோய்க்கும் வேலை செய்வதுபோல் தட்டில் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மஞ்சள் பட்ட கை எதைத் தொட்டாலும் மஞ்சள்தான்!

அதற்காகக் கதவைச் சாத்திவிட முடியாது. 2020இல் அர்மீனியாவில் 150 பெண்களிடம் ஓர் ஆய்வு வெளிவந்தது. பேக்லிடாக்சலோடு சேர்த்துக் குர்குமினை மாத்திரையாக இல்லாமல் ரத்தக்குழாய் வழியே வாரம் ஒருமுறை ஏற்றினார்கள். கட்டி சுருங்கியவர்கள் பாதிப் பேர், பேக்லிடாக்சலோடு வெற்று மருந்து ஏற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே ஆய்வு, சின்ன ஆய்வு. பெரிதாகச் செய்து பார்க்க வேண்டிய விஷயம். கவனியுங்கள், அங்கேயும் குர்குமின் கீமோவுக்குப் பதிலாக வரவில்லை, கூட வந்தது.

மாப்பிள்ளைக்கு இத்தனையும் சொன்னேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி: "அப்ப அந்தப் பால் மாதிரி மருந்து மட்டும் எப்படி வேலை செய்யுது? அதுவும் மரம்தானே, அதுவும் நானோதானே?"

எனக்குத் தெரிந்த பதில் இது. யூ மரத்துச் சரக்கு, நானோ வருவதற்கு முன்பே ஆட்களிடம் வேலை செய்துகொண்டிருந்தது. விளக்கெண்ணெய் வண்டியில் தட்டுத் தடுமாறி வந்தபோதே கட்டியைச் சுருக்கியது. நானோ அதன் வண்டியைத்தான் மாற்றியது. குர்குமினுக்கு வண்டியை மாற்றினால் அது சரக்காகவும் மாறிவிடும் என்று எதிர்பார்க்கிறோம்.

கரைய வைத்தால் போதும் என்று நினைத்து ஏமாந்த கதை ஒன்று உண்டு. காம்ப்டோதெசின். இதுவும் வாலும் வாணியும் கண்டுபிடித்தது, 1966இல், ஒரு சீன மரத்திலிருந்து. தண்ணீரில் கரையவில்லை. சோடியம் சேர்த்து உப்பாக்கினார்கள்; அழகாகக் கரைந்தது. நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கரைந்த வடிவத்துக்கு வீரியம் போய்விட்டது. ஆனால் சிறுநீர்ப்பைக்குப் போனதும், அங்கிருந்த அமிலத்தில் மறுபடி பழைய வடிவத்துக்குத் திரும்பி அங்கே ரத்தக்கசிவை உண்டாக்கியது. 1970களின் தொடக்கத்திலேயே ஆய்வு நின்றது. அதே சமயம், சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்துவிட்டு பம்பாய் சீபா ஆய்வு மையத்துக்குப் போயிருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, விஸ்வநாதனோடு சேர்ந்து, நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றில் காம்ப்டோதெசின் இருப்பதை 1972இல் கண்டார். பூ நாறும் என்பதால் லத்தீனில் 'நாற்றம்' என்றே பெயர் வாங்கிய மரம். பின்னாளில் இந்தச் சத்துக்காகவே அதைச் சகட்டுமேனிக்கு வெட்டினார்கள்.

சரக்கு செல்லில் எதைப் பிடிக்கிறது என்று 1985இல் தெரிந்த பிறகுதான் காம்ப்டோதெசினுக்கு மறுவாழ்வு. அதன் மூலக்கூறையே திருத்தி இரினோடெகன் என்று செய்தார்கள். அதைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, 2015இல் கணையப் புற்றுநோய்க்குக் கொண்டுவந்தார்கள். 110 நானோமீட்டர் குமிழி ஒன்றுக்குள் ஏறக்குறைய 80,000 மூலக்கூறுகள். மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது நடுமட்ட ஆயுள் 4.2 மாதத்திலிருந்து 6.1 மாதம் ஆயிற்று. இரண்டு மாதத்துக்கும் குறைவு. கணையப் புற்று வந்த வீட்டில் அந்த இரண்டு மாதத்தின் எடை என்ன என்று வெளியில் நிற்கிற நான் சொல்ல முடியாது.

நித்தியகல்யாணிக்கும் குமிழி வண்டி கட்டினார்கள். சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் அதே செடி. வின்கிறிஸ்டின் வடிவில் குழந்தைகளின் ரத்தப் புற்றை விரட்ட 1963லிருந்து உதவுவது. குமிழிக்குள் அடைத்த வின்கிறிஸ்டினுக்கு 2012இல் அனுமதி கொடுத்தார்கள். உறுதிசெய்யும் ஆய்வு முடியாமல் போக, 2022இல் அது திரும்பப் பெறப்பட்டது. பழைய வின்கிறிஸ்டின் பழைய பாட்டிலில் இன்றும் ஓடுகிறது.

வண்டியிலும் ஒரு மர்மம் இருக்கிறது. 1986இல் ஜப்பானின் குமமோட்டோவில் மட்சுமுராவும் மயேதாவும், கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டை ஒடிசலானவை, அதனால் பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தங்கும் என்று சொன்னார்கள். நானோ மருந்து பற்றிய நம்பிக்கையில் பாதி இதன்மேல் கட்டியது. 2016இல் டொரான்டோவில் வாரன் சானின் குழு, பத்தாண்டு ஆய்வுகளைத் தோண்டிக் கணக்குப் பார்த்தது. ஊசியில் போனதில் கட்டிக்குப் போய்ச் சேர்வது நடுமட்டமாக 0.7 சதவீதம். ஆயிரம் மூட்டை அனுப்பினால் ஏழு மூட்டை. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே இறக்கிக்கொள்கின்றன. அதுவும் எலியில். எலிக்கு இரண்டு வாரத்தில் ஊதும் கட்டி வேறு, மனிதனுக்கு வருடக்கணக்கில் வளரும் கட்டி வேறு. வெறும் மருந்தை ஊசியில் போட்டாலும் எல்லாமும் கட்டிக்குப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வீணை வீடியோவில் மட்டும்தான் எல்லா உருண்டையும் கட்டியை நோக்கிப் போகிறது.

ஒரு விஷயம் என்னைத் தொந்தரவு செய்தது. 2017இல் கலிஃபோர்னியாவில் முப்பது வயதுப் பெண் ஒருவர் தோல் நோய்க்காகக் குர்குமின் ஊசி போட்டுக்கொண்டு இறந்துபோனார். அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்தக் கலவையைச் சோதித்தது. லேபிளில் சொன்ன குர்குமினில் மிகச் சிறு பங்குதான் உள்ளே இருந்தது. கரைய வைக்கச் சேர்த்திருந்தது, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த இன்னொரு திரவம். நிர்வாகம் எச்சரித்ததும் முதலில் அதைப் பற்றித்தான். அத்தையின் சிவந்த முகம் ஞாபகம் வந்து, அன்று கம்ப்யூட்டரை மூடிவிட்டேன்.

கடைசியில் அந்த டப்பா பூஜை அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. மகன் வாங்கிக் கொடுத்ததை எறிய அத்தைக்கு மனமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். ஒன்றில் சமையல் மஞ்சள் ஒரு சிட்டிகை. இன்னொன்றில் ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டினேன். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

சமையல் மஞ்சள் கலங்கி, சுழன்று, ஐந்து நிமிடத்தில் அடியில் படிந்தது. மேலே வெளிறிய தண்ணீர். கேப்ஸ்யூல் போட்ட டம்ளர் வேறு மாதிரி. மஞ்சள் மெல்ல இறங்கி, பரவி, மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெரியும் அளவுக்குத் தெளிவாக நின்றது. அடியில் ஒரு துளி படியவில்லை. எனக்கே மரியாதை வந்தது. இருநூறு வருடமாகத் தண்ணீரோடு சேராமல் வேதியியலாளர்களைப் படுத்திய பொருள். கம்பெனி பொய் சொல்லவில்லை. வண்டி உண்மையிலேயே ஓடுகிறது.

"பாத்தீங்களா அத்தை, முழுசா கரஞ்சிருச்சு" என்றேன்.

"கரஞ்சிருச்சு, சரி" என்றார். "அப்புறம்?"

நான் பதில் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவினேன். அந்தக் கண்ணாடி டம்ளரில் கறை மட்டும் போகவே இல்லை. மாடியில் வெயிலில் வைத்துத்தான் போயிற்று.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது. முடி வளர்ந்துவிட்டது, முன்பைவிடச் சுருளாக. கால் பரவாயில்லை. விரல்நுனி மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. பூவைக் கடையில் கட்டியே வாங்குகிறோம்.

போன மாசியில் புது மஞ்சள் வந்தபோது, மண்டியை இப்போது பார்த்துக்கொள்ளும் சித்தப்பா அத்தையை அழைத்துப்போனார். ஆளுக்கொரு மூட்டையில் கைவிட்டு விரலியை எடுத்து ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகக் காய்ந்த விரலி ஒடியும்போது உலோகம் தட்டியதுபோல் ஒரு சத்தம் வரும். ஈரம் இருந்தால் வராது. அத்தை ஒன்றை எடுத்தார். இரண்டு கையிலும் பிடித்து அழுத்தினார். விரல் எங்கே அழுத்துகிறது என்று தெரியாமல் அது வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தார். அப்புறம் அதை என்னிடம் நீட்டினார்.

"நீ ஒடி கண்ணு. இங்க, காதுகிட்ட வச்சு ஒடி."

ஒடித்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் காயோணும்" என்றார்.